சூதாட்டப் பாதிப்பை அரசு ஆராயும்போது ராமநாதபுரம் கடற்கரை என்ன சொல்லலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் உட்பட, கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்காக எழுதியது. ஆன்லைன் ரம்மி, கிரிக்கெட் பெட்டிங், மூணு நம்பர் லாட்டரி என்று வீட்டுப் பணம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், “இதை அரசாங்கத்திடம் எப்படிச் சொல்வது, சொன்னால் கேட்பார்களா” என்று கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தை ஒப்பிக்கப் போவதில்லை. மனு எழுத உட்காரும்போது எது உதவுமோ அது மட்டும்.

அரசு “ஆய்வு செய்கிறது” என்று செய்தியில் வருகிறதே, உண்மையில் என்ன செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் 2022-இல் நடந்ததைப் பார்த்தால் புரியும். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. ஒரு மனநல மருத்துவர், ஒரு தொழில்நுட்ப வல்லுநர், ஒரு காவல்துறை உயர் அதிகாரி ஆகியோர் அதில் இருந்தார்கள். அந்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பைத் தொடங்கியவர். ஆன்லைன் விளையாட்டால் பணம் எப்படிப் போகிறது, ஆட்கள் எப்படி அடிமையாகிறார்கள், விளம்பரம் என்ன செய்கிறது என்பதையெல்லாம் பார்க்கச் சொன்னார்கள். குழு ஜூன் 27-இல் அறிக்கை கொடுத்துவிட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு மூன்று வழியில் கருத்து சேர்த்தார்கள். மாணவர்களிடம் என்ன மாற்றம் தெரிகிறது என்று பள்ளிக்கல்வித் துறை ஆசிரியர்களிடம் கேட்டது. உள்துறை ஆகஸ்டில் பொதுமக்களை மின்னஞ்சலில் கருத்து அனுப்பச் சொன்னது. விளையாட்டு நடத்தும் நிறுவனங்களையும் அழைத்துப் பேசினார்கள். அக்டோபர் 1-இல் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 19-இல் பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23-இல் பேரவை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமானது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மக்களுக்குக் கிடைத்த அவகாசம். ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது, ஆகஸ்ட் 12 கடைசி நாள். கடலுக்குப் போய்விட்டு வந்து, மீனை ஏலம் விட்டு, வலையைப் பார்த்து நிமிர்வதற்குள் தேதி போய்விடும். அதனால் அறிவிப்பு வந்தபின் எழுதலாம் என்று இருக்கக் கூடாது. இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப் போவது.

நாலு பேர் மனு எழுதுவதால் என்ன ஆகிவிடும்? பெரிய வக்கீல்கள் வந்து சட்டத்தையே உடைத்துவிடுகிறார்களே?

உடைத்தார்கள், உண்மைதான். ஆனால் எதை வைத்து உடைத்தார்கள் என்று பாருங்கள். 2020 நவம்பரில் தமிழ்நாடு காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கு ஒரு தடை கொண்டுவந்தது, 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காசு வைத்து ஆடும் எல்லா ஆட்டத்தையும், திறமை ஆட்டத்தையும் சேர்த்து, ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் அளவுக்கு அரசு தக்க காரணமும் தரவும் காட்டவில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. குடும்பங்கள் அழிகின்றன என்று அரசு சொன்னது. எத்தனை குடும்பம், எப்படி, எந்த ஆட்டத்தால் என்பதற்குக் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இரண்டாவது முறை குழு, ஆசிரியர் ஆய்வு, மக்கள் கருத்து என்று தாள்களோடு போனார்கள். 2023 நவம்பர் 9-இல் அதே உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்ததை மட்டும் ஏற்கவில்லை. அப்புறம் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதிமுறைகள் போட்டது: 18 வயதுக்குக் கீழ் ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழைய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை வர வேண்டும். நிறுவனங்கள் இதையும் எதிர்த்து வழக்குப் போட்டன. அந்த ஆண்டு ஜூனில் அந்த விதிகளும் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

ஆக, சான்று இல்லாமல் போனபோது தோற்றார்கள், சான்றோடு போனபோது பெரும்பகுதி நின்றது. அந்தச் சான்று உங்கள் வீட்டிலும் என் தெருவிலும் இருக்கிறது. நாம் எழுதிக் கொடுத்தால்தான் அது கோட்டைக்குப் போகும்.

2022-இல் எத்தனை பேர் எழுதினார்கள்?

10,735 மின்னஞ்சல்கள் வந்ததாக அரசு சொன்னது. அதில் 10,708 பேர் தடையை ஆதரித்தவர்கள், 27 பேர் எதிர்த்தவர்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஓட்டெடுப்பு மாதிரி கை எண்ணும் வேலையாக இருந்தால் நீதிமன்றத்தில் நிற்காது. அந்த 27-இல் ஒன்று நாற்பது பக்கம் கணக்கும் வாதமுமாக இருந்து, பத்தாயிரத்தில் பாதி “தடை செய்க” என்ற ஒற்றை வரியாக இருந்தால், வழக்கு வரும்போது எது எடுத்துக் காட்டப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

மத்திய அரசே எல்லாவற்றையும் தடை செய்துவிட்டதே, இனி எதற்குக் கருத்து?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. 20-ஆம் தேதி மக்களவை, 21-ஆம் தேதி மாநிலங்களவை, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்று நாளில் முடிந்த வேலை. சட்ட முன்வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசே 2014-இல் வகுத்த கொள்கை ஒன்று இருக்கிறது. இதற்கு அது நடக்கவில்லை. நல்ல சட்டம் என்றாலும் இது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. விதிகளின் வரைவுக்கு மட்டும் அக்டோபர் மாதம் கருத்துக் கேட்டார்கள்.

சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. சூதாட்டம் அரசமைப்புப்படி மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம் என்பதால், மத்திய அரசு சட்டம் போடலாமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் விதிகள் மாறும், மறுபடி ஆய்வு வரும். அதோடு, கடையை மூடினால் ஆட்டம் நின்றுவிடுமா? வெளிநாட்டில் இருந்து நடக்கும் ஆப்கள் வாட்ஸ்அப் லிங்கில் வருகின்றன. டெலிகிராம் குழுவில் ஆள் சேர்க்கிறார்கள். ஊருக்குள்ளேயே ஏஜென்ட் கையில் காசு வாங்கி ஐடி போட்டுக் கொடுக்கிறார். தடைக்குப் பிறகு உங்கள் ஊரில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் கிடையாது.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாதது நம் கடற்கரையில் என்ன இருக்கிறது?

நிறைய. நான் முக்கியமாக நினைப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், நம் பணம் வரும் விதம். விதிமுறையில் நாள், வாரம், மாதம் என்று வரம்பு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் ஏது? பாடு (மீன் வரத்து) நன்றாக இருந்தால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக ஒரே காலையில் கணிசமாகப் பங்கு கையில் வரும். அடுத்த இரண்டு வாரம் ஒன்றுமே இருக்காது. இறால் பட்ட அன்று எவ்வளவு போகிறது, வெறுங்கையோடு வந்த அன்று கடன் வாங்கி எவ்வளவு போகிறது என்பது வேறு வேறு கதை. மாத வருமானம் எவ்வளவு என்று படிவத்தில் கேட்டால் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகராதீர்கள். “நிலையான வருமானம் இல்லை, பங்கு முறை” என்று எழுதி, நல்ல நாளும் கெட்ட நாளும் எப்படி இருக்கும் என்று இரண்டு வரி சேருங்கள்.

இரண்டாவது, சும்மா இருக்கும் நாள்கள். இங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகு காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பும். நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை ஆப்பைப் பூட்டினால் நகரத்தில் தூக்கம் கெட்டு ஆடும் ஆளுக்கு நல்லது. நம் ஆள்களில் பாதிப்பேர் அந்த நேரம் கடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஆடுவது கரையில் சும்மா இருக்கும் பகலில். நேரக் கட்டுப்பாடு போட்ட யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் நாம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயில் இருந்து 8,000 ஆக உயரும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வங்கிக் கணக்குக்கு அந்தப் பணம் வரும் வாரமும், சும்மா இருக்கும் கைப்பேசியும் ஒன்றாகச் சேருகின்றன. உங்கள் வீட்டில் அந்த வாரம் பணம் எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்கான பதிலை ஒரு கிராமத்தில் இருந்து இருபது குடும்பம் எழுதிக் கொடுத்தாலே அது ஆய்வாகிவிடும். நிவாரணத்தைக் குடும்பத் தலைவியின் கணக்கில் போடலாமா, இரண்டு தவணையாகக் கொடுக்கலாமா என்றெல்லாம் யோசிக்க அரசுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இதோடு இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும் பிரச்சினை. படகு போய்விட்டால் முதலாளிக்கும் கடன், வேலைக்குப் போனவருக்கும் கடன். ஒரே ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வலுக்கிறது. முன்பணம் வாங்கியவர் வேறு படகுக்கு மாறவும் முடியாது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடன் யார் கைக்குப் போகிறது என்பதும் சேர்த்தே எழுத வேண்டிய விஷயம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் சபர் (வெளிநாட்டு வேலைக்கு) போனவர் அனுப்பும் பணம், அதைக் கையாளும் பள்ளிக்கூட வயதுப் பையன் என்று இன்னொரு கதை.

சரி, எப்படி எழுதுவது?

இரண்டு மாதிரி தருகிறேன். இரண்டும் கற்பனை, யாருடைய கதையும் இல்லை.

முதல் மாதிரி: “ஆன்லைன் சூதாட்டத்தால் எங்கள் பகுதி இளைஞர்கள் சீரழிகிறார்கள். பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டன. எனவே அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

இரண்டாவது மாதிரி: “என் கணவருக்கு 34 வயது, விசைப்படகில் போகிறார். இரண்டு வருடமாகக் கைப்பேசியில் காசு வைத்து ரம்மி ஆடுகிறார். ஆப்பில் இலவசமாகக் கொடுத்த 50 ரூபாயில் ஆரம்பித்தது. கடலுக்குப் போகாத நாளில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஆடுவார். போன தடைக்காலத்தில் நிவாரணம் வந்த அன்றே 6,000 ரூபாய் போனது. பிறகு படகு முதலாளியிடம் 40,000 முன்பணம் வாங்கினார். என் குழுக் கடன் 30,000 ரூபாயும் அதில் போனது. தோற்ற மறுநாளே ‘உங்களுக்கு போனஸ் காத்திருக்கிறது’ என்று குறுஞ்செய்தி வந்தது. விட வேண்டும் என்று அவரே ஆப்பை அழித்தார். ஒரு வாரம் கழித்து அதே நம்பரில் மறுபடி உள்ளே போக முடிந்தது. என் தோடு அடகில் இருக்கிறது, மகளின் டியூஷனை நிறுத்திவிட்டோம்.”

முதலாவதில் கையெழுத்துப் போட நூறு பேர் கிடைப்பார்கள். ஆனால் அதை வைத்து அதிகாரி ஒரு விதிகூட எழுத முடியாது. இரண்டாவதில் வரிக்கு வரி வேலை இருக்கிறது. இலவசப் பணம் கொடுத்து இழுப்பதைத் தடுக்கலாமா, தோற்றவருக்கு போனஸ் செய்தி அனுப்பலாமா, தானாக விலகியவரை அதே எண்ணில் திரும்ப விடலாமா, முன்பணத்துக்கு ஏதாவது வழிமுறை வேண்டுமா. எழுதியவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. நடந்ததைத் தேதி, தொகை, நேரத்தோடு சொன்னால் போதும்.

கையில் இருந்தால் வங்கிக் கணக்கு விவரம், பணம் போன செய்திகளின் படம், அடகுச் சீட்டு நகல் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எண்ணைக் கறுப்பு மையில் அடித்துவிடுங்கள். தொகை சரியாக நினைவில்லை என்றால் “சுமார்” என்று போடுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு மனுவில் இரண்டு லட்சம் என்றும் அதே வீட்டின் இன்னொரு மனுவில் ஐந்து லட்சம் என்றும் வந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக. மாநில அரசுக்குத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பேன். மத்திய அமைச்சகத்துக்குப் போவதற்கு மட்டும், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் சேர்த்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் ஆடியதை எழுதினால் போலீஸ் வந்துவிடுமா?

பலரும் வாய் திறக்காததற்கு இந்தப் பயம்தான் காரணம், அதில் நியாயமும் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்ற பிரிவு இருக்கிறது. மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. கருத்துக் கேட்பில் பெயரைப் போட்டு ஒருவரை மாட்டிவிட வேண்டிய தேவையே இல்லை. “என் கணவர்”, “என் மகன்”, “எங்கள் தெருவில் ஒருவர்” என்று எழுதினால் போதும். ஊர்ப் பெயருக்குப் பதில் வட்டத்தின் பெயரைப் போடலாம். அனுப்புகிறவர் பெயரைக் கேட்டால், அதை வெளியிட வேண்டாம் என்று மேலேயே ஒரு வரி எழுதுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கந்துவட்டிக்காரர் மிரட்டுகிறார் என்றால் அது கருத்துக் கேட்பில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் விஷயம் இல்லை. 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள். ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். நேரம் ஆக ஆகப் பணத்தை முடக்குவது கஷ்டம்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் மதிப்பு உண்டா?

சட்டத்தை மாற்றும் அதிகாரம் கிராம சபைக்குக் கிடையாது. ஆனால் பதிவேட்டில் ஏறிய ஒரு தீர்மானம், பின்னால் ஆய்வு நடக்கும்போது காட்டக்கூடிய ஆவணம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. மே 1 தடைக்காலத்துக்கு நடுவில் வருவதால் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், அந்த நாளை விட்டுவிடாதீர்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் நடத்தினாலும் தீர்மானம் கொண்டுவரலாம்.

பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி, அங்கே இது நடக்கும். ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி, மண்டபமும் தொண்டியும் சாயல்குடியும் பேரூராட்சி. அங்கெல்லாம் கிராம சபை கிடையாது, பகுதி சபைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். இது தெரியாமல் தேதி பார்த்துப் போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

“கண்டிக்கிறோம்” என்பதோடு தீர்மானத்தை முடிக்காமல், “இந்த ஊராட்சியில் இத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டதாகச் சபையில் தெரிவித்தன, மாவட்ட ஆட்சியர் இதை உள்துறைக்கும் இணையவழி விளையாட்டு ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள்.

வேறு எங்கெல்லாம் கொடுக்கலாம்?

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், மீனவர் குறைதீர் கூட்டம், 1100 எண்ணில் முதல்வரின் முகவரி. சட்டமன்ற உறுப்பினரை மறக்காதீர்கள். நம் கடற்கரை ராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர் என்று மூன்று தொகுதியில் பிரிந்து கிடக்கிறது. மூன்று பேரும் ஒரே கேள்வியைப் பேரவையில் எழுப்பினால் அதற்கு வேறு கனம். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

ஜமாஅத், பங்குத்தந்தை, மீனவர் சங்கம் வழியாகப் போவது நல்லதா, தனியாகவா?

இரண்டும். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து கொடுத்தால் கதவு திறக்கும். ஆனால் அவர்கள் எழுதும் மனுவில் பெண்கள் சொன்னது பெரும்பாலும் கரைந்துபோய், ஒழுக்கம், சீரழிவு என்று முடிந்துவிடும். ஜும்மாவிலும் பூசையிலும் சூது பாவம் என்று சொல்கிறார்கள், சரிதான். ஆனால் பாவம் என்று தெரிந்ததால்தான் ஆடியவர் மறைக்கிறார், மறைப்பதால்தான் கடன் ஏறும்வரை யாருக்கும் தெரிவதில்லை. சங்கத்தின் மனுவோடு பின்னிணைப்பாக, பெயர் இல்லாமல், பத்துப் பெண்களின் வாக்குமூலத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் இதற்கு நல்ல இடம், கடன் கணக்கு அங்கேதான் பேசப்படுகிறது.

நான் ஆடியவன். நானே பேசலாமா?

கட்டாயம் பேசுங்கள். உங்கள் அளவுக்கு உள்ளே நடப்பது தெரிந்தவர் இல்லை. எந்த நேரத்தில் விட நினைத்தீர்கள், எது மறுபடி இழுத்தது, ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் என்ன தடை வந்தது என்பதையெல்லாம் நீங்கள்தான் சொல்ல முடியும்.

இது நோயா, கெட்ட பழக்கமா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம். “செத்துவிடலாம் போலிருக்கிறது” என்ற பேச்சு வீட்டில் வந்தால் மனு, விசாரணை எல்லாம் அப்புறம். அவரைத் தனியாக விடாமல் அந்த எண்ணை உடனே கூப்பிடுங்கள், அல்லது 104.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவது நம் பக்கத்து வழக்கம். அது அவரவர் நம்பிக்கை. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. அதன் பிறகுதான் அங்கே மருந்தும் துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து நடக்கட்டும் என்ற ஏற்பாடு வந்தது. இன்று அங்கே மனநல மருத்துவரைப் பார்க்க முடிகிறது. சூதாட்டத்துக்காகக் கூட்டிப்போகிறவர்களும் அந்த மருத்துவரைப் பார்த்துவிட்டு வரலாம்.

மூணு நம்பர் லாட்டரி, சீட்டாட்டம், மாட்டுவண்டிப் பந்தயம் பற்றியும் எழுதலாமா?

லாட்டரி தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. இருந்தும் மூணு நம்பர் விற்கிறது என்றால், அது தடை எப்படித் தோற்கிறது என்பதற்கான சான்று, அவசியம் எழுதுங்கள். தோப்பில் நடக்கும் வெட்டுச்சீட்டுக்கு 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அது காவல் நிலைய விஷயம். மாட்டுவண்டிப் பந்தயம் பரிசுக்கு ஓட்டுவது. ஓரத்தில் நின்று பணம் கட்டுவதுதான் சூது. பதிவு பெற்ற ஏலச்சீட்டு சூதாட்டம் இல்லை, இதில் சேர்க்காதீர்கள்.

நிறுவனங்கள் பக்கமும் கேட்பார்களா?

கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். வேலை போகும், வரி போகும், நல்ல நிறுவனம் மூடினால் ஆடுகிறவர் வெளிநாட்டு ஆப்புக்குப் போவார் என்பது அவர்கள் வாதம். கடைசி வாதத்தில் விஷயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல, உங்கள் ஊரில் யார் எதற்கு மாறினார்கள் என்ற தகவல் வேண்டும்.

வேறு நாடுகளில் மக்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறார்களா?

பிரிட்டனில் 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை, 16 வாரம், சான்று கேட்டார்கள். சுமார் 16,000 பதில்கள் வந்தன. சூதாட்டத்தால் பிள்ளைகளை இழந்த பெற்றோர் அங்கே பல ஆண்டுகளாகத் திரண்டு குரல் கொடுத்து வருகிறார்கள். 2023 ஏப்ரலில் அரசின் வெள்ளை அறிக்கை வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு நாடாளுமன்றக் குழு 2023 ஜூனில் 31 பரிந்துரைகள் தந்தது. ஆன்லைன் சூதாட்ட விளம்பரத்தைப் படிப்படியாக மூன்றாண்டுக்குள் நிறுத்து என்பது அதில் ஒன்று. 16 வாரத்தையும் நமக்குக் கிடைத்த சில நாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அடுத்த முறை எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரியும்.

அனுப்பினோம். ஒரு பதிலும் இல்லை. என்ன செய்வது?

கருத்துக் கேட்பில் ஒவ்வொருவருக்கும் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. “என் மனு என்ன ஆனது” என்று மட்டும் கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு வரி வரும். இப்படிக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை கருத்துகள் வந்தன, அதில் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து எத்தனை, கருத்துகளைத் தொகுத்த குறிப்பின் நகல், மீனவர் கிராமம் எதிலாவது நேரில் விசாரணை நடந்ததா, நடந்திருந்தால் எந்தத் தேதியில். பதில் வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது என்றால் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.